தேசப்பன் வீட்டுக் கிளமேட்டிஸ்

மரக்காணத்தில் தேசப்பனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் தேசப்பன் வீட்டுக்குப் புதிதாக என்ன சாமான் வந்திருக்கிறது என்று தெரியாதவர்கள் இருக்க வழியில்லை. அதை அவரே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார். தெருவில் முதலில் வாஷிங் மெஷின் வாங்கியவர் அவர்தான். வாசலில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று அதைக் கூடத்தில் வைத்தார். தண்ணீர்க் குழாய் அங்கே எட்டாது. ஆறு மாதம் அவர் மனைவி மலர்கொடி அந்த மெஷினுக்குள் போர்வைகளை மடித்து வைத்திருந்தாள். அடுத்து மாடியில் சோலார் ஹீட்டர் வந்தது. சித்திரையில் குழாயைத் திறந்தால் வெறும் தண்ணீரே கையைச் சுடுகிற ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரர் அதே பொருளை வாங்கிவிட்டால் போதும், தேசப்பனுக்கு அதன்மேல் இருந்த ஆசை அன்றோடு தீர்ந்துவிடும்.

அவருடைய அப்பா உப்பளத் தொழிலாளி. கணுக்கால் முங்க உப்புத் தண்ணீரில் நின்று, பலகையால் உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்து, கடைசிக் காலத்தில் செருப்பே போட முடியாமல் போனவர். தேசப்பனும் பள்ளிக்கூட விடுமுறைகளில் பாத்தியில் இறங்கியவர்தான். அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே அவர் ஒரு வாழ்க்கை வாழ்ந்தார் என்றுகூடச் சொல்லலாம். யாராவது கேட்டால், "அப்பா சால்ட் டிபார்ட்மென்ட்ல இருந்தாருங்க" என்பார். அதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

படித்து, பரீட்சை எழுதி, விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். முப்பத்து நாலு வருடங்களில் மனுவோடு வந்தவர்களிடம் அவர் அதிகமாகச் சொன்ன வார்த்தை "வராது". வந்தவர்கள் திரும்பிப் போவார்கள்; மறுபடி வருவார்கள்; வேறு விதமாகக் கேட்பார்கள்; வந்துவிடும். ஆகவே யாராவது "வராது" என்று சொன்னால் அங்கேதான் பேச்சே ஆரம்பமாகிறது என்பது அவருடைய அனுபவம்.

ஓய்வு பெற்றவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி ஒரு மாடி வீடு கட்டினார். மாடியில் நின்றால் ஒரு பக்கம் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், அவற்றின் முன்னால் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் சென்னைக்காரர்கள். மறுபக்கம் கடல். நடுவில் தேசப்பனும் அவருடைய ரோஜாத் தொட்டிகளும். 'மரக்காணம் மாடித் தோட்ட நண்பர்கள்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் அவர் சேர்ந்தார். அதில் நூற்றுப் பன்னிரண்டு பேர். காலை வணக்கம் போடுகிறவர்கள் நூறு பேர், செடி வளர்க்கிறவர்கள் பன்னிரண்டு பேர். வாரம் ஒருவருக்கு 'வாரத்தின் மலர் நாயகர்' பட்டம் கொடுப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது தனகோடி டீச்சருக்குப் போய்விடும். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர் டீச்சர். திண்டிவனம் ரோட்டில் அவர் வீட்டு மாடியில் பதினொரு நிறத்தில் காகிதப்பூ. உப்புக் காற்றைக் குடித்தே வளர்கிற செடி அது.

தேசப்பனின் ரோஜாக்களுக்கு அந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. இலை நுனியெல்லாம் தீய்ந்துபோய், பூ சுண்டைக்காய் அளவில் வந்தது. அப்படியும் ஒரு பூவைப் படம் எடுத்துப் போட்டார். டீச்சர் பதில் எழுதினார்: "முயற்சிக்கு வாழ்த்துகள் சார்." அந்த மூன்று வார்த்தை இரண்டு மாதம் அவரை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

அந்த வருடம் மே மாதத்தில் மகள் நிவேதாவும் மருமகனும் இவர்களைக் குன்னூருக்கு அழைத்துப் போனார்கள். தங்கிய விடுதியின் வாசலில் ஒரு மண் தொட்டி. அதில் மூன்று குச்சிகளை ஊன்றி உச்சியில் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஒரு கொடியைப் படரவிட்டிருந்தார்கள். இடுப்புயரம்கூட இல்லாத கொடி. அடியிலிருந்து நுனிவரை பூ. ஒவ்வொன்றும் டீக்கடைச் சாஸர் அகலம்; கரு ஊதா; நடுவில் மஞ்சளாக ஒரு குஞ்சம். எல்லோரும் தேயிலைத் தோட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். தேசப்பன் மட்டும் அந்தத் தொட்டியின் முன்னால் குந்திவிட்டார்.

"கிளமேட்டிஸுங்க" என்றார் விடுதித் தோட்டக்காரர். "கொடிதான், ஆனா குட்டை ரகம். தொட்டியில வைக்கிறதுக்குன்னே வந்தது."

"எங்க ஊருக்கு எடுத்துட்டுப் போலாமா?"

"எந்த ஊருங்க?"

"மரக்காணம்."

"உப்பு வெளையிற ஊரா? அங்க வராதுங்க. இதுக்கு வேரு சில்லுனு இருக்கணும்."

'வராது' என்றதற்குத் தேசப்பன் புன்னகைத்தார். 'உப்பு வெளையிற ஊரா' என்றதுதான் குத்தியது. முப்பத்தேழு படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மலையில் இருக்கிற ஒரு நாற்றுப் பண்ணைக்கு இன்டர்நெட்டில் எழுதிப் போட்டார். வெயில் காலத்தில் அனுப்ப மாட்டோம் என்றார்கள். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், ஈரப் பாசி சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் மூன்று செடிகள் வந்து இறங்கின. தேசப்பன் பெட்டியைப் பிரிக்கிற வீடியோவை மலர்கொடியை எடுக்கச் சொன்னார். அவள் விரல் மறைத்ததில் பாதி வீடியோ இருட்டாக இருந்தது. அப்படியே குரூப்பில் போட்டார். பெயரை யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை என்பதில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம். கிளைமேட் செடி என்றார் ஒருவர். செல்போன் கடை ராஜவேல் மட்டும், "சார், இது நம்ம வேலியில ஏறுமே, அந்தச் சங்குப்பூ மாதிரி இருக்குதே?" என்று எழுதினான். தேசப்பன் கோபித்துக்கொண்டு குரூப்பைவிட்டு வெளியேறினார். சாயங்காலம் அட்மின் மறுபடி சேர்த்துவிட்டார்.

செடியோடு ஒரு காகிதம் வந்திருந்தது. ஆழமான தொட்டி வேண்டும், தண்டின் அடி இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைய வேண்டும், தலை வெயிலில் இருக்கலாம் ஆனால் வேர் நிழலில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அரசாணையைப் படிக்கிற மாதிரி மூன்று தடவை படித்து, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டார். அதன்பிறகு, அரசாணைகளுக்குச் செய்வதைப்போலவே, தன் இஷ்டப்படி செய்தார்.

மலர்கொடி பிரம்மதேசத்துக்காரி. கத்தரியும் மணிலாக் கடலையும் பயிர் செய்கிற வீட்டில் பிறந்தவள். நட்டது எதுவும் அவள் கையில் சாகாது. இந்த விஷயத்தைக் கல்யாணமான முப்பத்திரண்டு வருடங்களில் தேசப்பன் கவனித்ததில்லை.

"பின்னால துணி தொவைக்கிற கல்லாண்ட வையிங்க" என்றாள் அவள். "சொவரு மறைப்பா இருக்குது. கடக்காத்து அடிக்காது. காலையில மட்டும் வெயிலு வரும்."

"பின்னால வச்சா யாருக்குத் தெரியும்?"

"செடிக்குத் தெரியுங்க."

"போ, போயி வேலையப் பாரு."

மூன்று தொட்டிகளும் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல், பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்படி உட்கார்ந்தன.

முதல் செடிக்கு அவர் ஊற்றியது போர் தண்ணீர். மூன்று வாரத்தில் இலை ஓரம் கருகி, அப்பளம் மாதிரி முறுகி, உதிர்ந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கும் என்று தேசப்பன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கரிப்பு அவருக்குத் தெரியும். பத்து வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அவர் கையிலிருந்து வாங்கித் தின்ற கடைசிப் பிடியில் இருந்த கரிப்பு. டவுன் மாறி, சட்டை மாறி, பேச்சு மாறி வந்தவரை, உப்பு மாடிப்படி ஏறி வந்து பிடித்துவிட்டது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, விளிம்பை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மற்ற இரண்டுக்கும் கேன் தண்ணீர். குடிப்பதற்கு வருகிற கேனில் முதல் உரிமை செடிகளுக்கு. மீதி இருந்தால் மலர்கொடிக்கு. இரண்டாவது செடி பங்குனி வெயிலைத் தாங்கவில்லை. சிமெண்டுச் சுவரின் சூட்டில் வேர் வெந்துபோயிற்று. மதியத்தில் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தார். ஐஸ் உருகுவதற்குள் செடி போய்விட்டது.

இதற்கிடையில் குரூப்பில் கேள்வி மேல் கேள்வி. "பூ வந்துச்சா சார்?" "மொட்டு வச்சுதா சார்?" தேசப்பனுக்கு 'செத்துவிட்டது' என்று எழுதக் கை வரவில்லை. குன்னூரில் எடுத்த முப்பத்தேழு படங்களில் ஒன்றை எடுத்து, பின்னாலிருந்த தேயிலை மலையை வெட்டிவிட்டு, "முதல் பூ" என்று போட்டார். கைதட்டும் பொம்மைகள் வந்து கொட்டின. வாரம் ஒரு படம் போட்டார். 'வாரத்தின் மலர் நாயகர்' பட்டம் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு கை தெரிந்தது. பங்குனி மாசத்து மரக்காணத்தில் யார் ஸ்வெட்டர் போட்டார்கள் என்று நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

சித்திரை பிறந்த வாரத்தில் தனகோடி டீச்சர் போன் செய்தார்.

"சார், நாங்க எட்டுப் பேர் நாளைக்குப் பெருமுக்கல் மலைக்கு வேன் வச்சுப் போறோம். போற வழியில உங்க பூவ ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுறோம்."

அது போகிற வழியே இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? "தாராளமா வாங்க மேடம்" என்றது தேசப்பனின் வாய். மூன்றாவது செடியும் அப்போது வெறும் குச்சியாகத்தான் நின்றுகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். கல்யாண மேடை அலங்காரச் சாமான் விற்கிற கடையில் மூன்று மணி நேரம் தேடி, ஊதா நிறத்தில் ஆறிதழ் துணிப்பூ பதினாலு வாங்கினார். மறுநாள் விடிந்ததும், பச்சை நூல் போட்டு, காய்ந்த கொடியில் ஒவ்வொன்றாகக் கட்டினார். மலர்கொடி காப்பி கொண்டு வந்தவள் பார்த்தாள்.

"இதுக்கும் கேன் தண்ணிதான் ஊத்தணுமா?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

எட்டுப் பேரும் வந்தார்கள். தொட்டியிலிருந்து பத்தடி தள்ளித் துணி காயப்போடுகிற கயிற்றைக் குறுக்கே கட்டியிருந்தார் தேசப்பன்.

"இதுக்கு மேல வரக் கூடாதுங்க. மனுஷன் மூச்சுக் காத்து பட்டா சுருங்கிடும். ரொம்ப சென்சிட்டிவ்."

"வாசனை இருக்குதா சார்?" என்றான் ராஜவேல்.

"கிடையாது. அதான் இதோட விசேஷமே."

ஆளாளுக்குக் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் செடிக்குத் தோப்புக்கரணம் போடாத குறைதான். கடல் காற்றில் பூக்கள் மொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றாகவே நிமிர்ந்தன. தனகோடி டீச்சர் மட்டும் கயிற்றைத் தாண்டி இரண்டடி போய்க் குனிந்து பார்த்தார். தேசப்பனுக்கு முதுகில் வியர்த்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க சார்" என்றார். மலர்கொடி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எல்லோரும் வேன் ஏறினார்கள். மதியத்துக்குள் அறிவிப்பு வந்தது: 'ஆண்டின் மலர் நாயகர்.' அந்தப் பட்டம் அதுவரை யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை; அவருக்காகவே உண்டாக்கியிருந்தார்கள். தேசப்பன் அதைப் படித்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி படித்தார். ஒரு கால் மணி நேரம் அவரே அதை நம்பினார்.

அப்புறம் பூக்களை அவிழ்த்துப் பையில் போட்டுப் பரணுக்குள் திணித்தார். "அந்தத் தொட்டியத் தூக்கிப் பின்னால கடாசு" என்று மலர்கொடியிடம் சொன்னார். குரூப்பில், "இவ்வருடத்துக்கான பூப்பருவம் இனிதே நிறைவுற்றது" என்று எழுதினார்.

மலர்கொடிக்கு அந்தத் தொட்டி தேவைப்பட்டது. பொன்னாங்கண்ணி வைக்கலாம் என்று நினைத்தாள். காய்ந்த குச்சியை ஒட்ட வெட்டிவிட்டு, மண்ணை விரலால் கிளறியபோது, இரண்டு அங்குல ஆழத்தில் ஏதோ தட்டுப்பட்டது. அரிசி அளவில், வெளிர் பச்சையில் ஒரு முளை. அவள் மண்ணை மெதுவாக மறுபடி மூடினாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் தொட்டி மறுபடி மாடிக்குப் போகும். மாடிக்குப் போனால் மறுபடி சாகும். அந்தக் கணக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வைகாசியில் நிவேதாவைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். ஏழு மாத வயிறு, வெளியே அனல். பின்கட்டை ஒட்டிய அறையில் ஏசி ராப்பகலாக ஓடியது. அதன் குழாய் வழியாகச் சொட்டிய தண்ணீர் சுவரைப் பாழாக்குகிறதே என்று மலர்கொடி ஒரு வாளியைக் கீழே வைத்தாள். சாயங்காலத்தில் வாளி நிறைந்தது. கையை விட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள், உப்பே இல்லை. ஊரெல்லாம் கரிப்புத் தண்ணீராக இருக்க, வீட்டுச் சுவரிலிருந்து நல்ல தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று தொட்டிக்கு ஊற்றினாள். முளைக்குப் பக்கத்தில் பொன்னாங்கண்ணித் தண்டுகளைச் செருகினாள். அது படர்ந்து மண்ணை மூடி, வெயில் வேரைத் தொடாமல் பார்த்துக்கொண்டது. கீரையை வாரம் ஒருமுறை கிள்ளி மகளுக்குப் பொரியல் செய்து போட்டாள்.

பின்கட்டு தேசப்பன் காலடி படாத பிரதேசம். அங்கே காட்டுவதற்கும் ஒன்றுமில்லை, பார்ப்பதற்கும் ஆளில்லை. அவர் முன் வராந்தாவில் உட்கார்ந்து குரூப்பில் ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தார். "அடுத்த சீசன் எப்போ சார்?" என்று கேட்டவர்களுக்கு, "அது செடியின் மனநிலையைப் பொறுத்தது" என்று பதில் போட்டார். ஆடியில் பேத்தி பிறந்தாள். கொடி அப்போது ஒரு முழம் ஏறியிருந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. மலர்கொடி துடைப்பக் குச்சிகளை ஒன்றாகக் கட்டி முட்டுக் கொடுத்தாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை. மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நிவேதா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அம்மா! இது என்னாம்மா பூ?"

"உங்கப்பா செத்துடுச்சின்னு தூக்கிப் போடச் சொன்னாரே, அது."

மூன்று பூ. குன்னூரில் பார்த்ததில் பாதி அகலம்தான். நிறமும் கரு ஊதா இல்லை. நாலு தடவை துவைத்த ஊதா. ஒன்றில் ஒரு இதழைப் புழு அரித்திருந்தது. நிவேதா ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள்: "அப்பா தூக்கிப் போட்ட கிளமேட்டிஸ். ஆறேழு மாசமா ஏசி தண்ணி ஊத்தி அம்மா காப்பாத்திட்டாங்க." அவளுக்குக் குரூப்பைப் பற்றியோ ஆண்டின் மலர் நாயகரைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. ராஜவேல் அதைப் பார்த்தான். படம் பிடித்துக் குரூப்பில் போட்டான். கீழே ஒரே ஒரு கேள்விக்குறி.

தேசப்பன் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவாமலே பின்கட்டுக்கு ஓடினார். தொட்டியின் முன்னால் குந்தினார். பக்கத்துக் கல்லில் மலர்கொடி பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"தள்ளி ஒக்காருங்க. சோப்புத் தண்ணி தெறிக்கும்."

"இது எப்பலேர்ந்து?"

"சித்திரையிலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

உண்மையான பூ ஒன்று ஒரு வருடம் கழித்து அவர் வீட்டில் மலர்ந்திருக்கிறது. ஆனால் தேசப்பன் பூவை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. "குரூப்ல எல்லாம் என்னான்னு நெனப்பாங்க?" என்றார். மலர்கொடி துணியை முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்த விதத்தில் பதில் இருந்தது.

அவர் வராந்தாவுக்கு வந்து ஒரு விளக்கம் எழுத ஆரம்பித்தார். "மேற்படி செடியானது திட்டமிட்ட ஓய்வு நிலையில் வைக்கப்பட்டு, எனது நேரடி மேற்பார்வையில்..." என்று எழுதிக்கொண்டிருந்தபோதே குரூப்பில் செய்திகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் பயந்த மாதிரி யாரும் திட்டவில்லை. அதைவிட மோசமாக இருந்தது. "சார், போன தடவ வந்த பூதான் சூப்பர்." "இது கொஞ்சம் சோகையா இருக்குதே சார், உரம் வையிங்க." "அந்த ஊதா கலரு இதுல இல்ல." துணிப்பூவுக்கு ஆண்டின் பட்டம் கொடுத்தவர்கள், மண்ணில் முளைத்த பூவுக்கு உரம் சிபாரிசு செய்தார்கள். தேசப்பனுக்குக் கோபம் வந்தது. முதல் தடவையாக, அது தன் மானத்துக்காக வந்த கோபம் இல்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய், இந்தத் தடவை பூவையே பார்த்தார். இதழில் நரம்பு ஓடியிருந்தது. புழு கடித்த ஓரத்தில் ஒரு மழைத்துளி நின்றது. பரணில் கிடக்கும் பதினாலில் ஒன்றில்கூட இது கிடையாது.

பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டி நின்றது. தனகோடி டீச்சர். தேசப்பன் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு, "வாங்க மேடம், உள்ள வாங்க, நானே உங்களுக்குப் போன் பண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"உங்களப் பாக்க வரல சார். மலர்கொடி எங்க?"

டீச்சர் நேராகப் பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். பூவைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சொட்டுகிற குழாயைப் பார்த்தார்.

"ஏசி தண்ணியா? எப்பிடிம்மா தோணுச்சு?"

"கரிக்கல மேடம். சில்லுனு வேற இருந்துச்சு. அவ்ளோதான்."

"கீரை எதுக்கு?"

"மண்ணு சுடாம இருக்கும். வீட்டுக்கும் ஆச்சு."

டீச்சர் சிரித்தார். அப்புறம், கதவோரத்தில் துண்டைப் பிசைந்தபடி நின்ற தேசப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், அன்னிக்குக் கிட்டப் போயிப் பாத்தேன்ல? ஒரு பூவுக்கு அடியில சின்னதா லேபிள் தொங்கிச்சு. சோப்புத் தண்ணியில துவைக்கலாம்னு போட்டிருந்துச்சு."

தேசப்பனின் முகம் அந்தப் பூவின் நிறத்துக்கு வந்தது. "அப்பவே ஏன் மேடம் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? என் பதினொரு கலர்ல நாலு கலரு, நீங்கல்லாம் வர்றதுக்கு மொத நாளு நர்சரியிலேர்ந்து கொண்டாந்து வச்சது. வந்து போனதும் திருப்பி அனுப்பிட்டேன். ராஜவேல் தன் மாடியில காய்ச்சதுன்னு படம் போடுறானே தர்பூசணி, அது திண்டிவனம் சந்தை. நம்ம குரூப்ல யாரும் யாரையும் எதுவும் கேக்கறதில்ல சார். கேட்டா குரூப் இருக்காது."

இதைச் சொன்ன டீச்சருக்கு வெட்கமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவர். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று பார்த்தவுடன் தெரியும், எதற்கு மார்க் போட வேண்டும் என்றும் தெரியும். கிளம்பும்போது மலர்கொடியிடம் மட்டும் சொன்னார்: "இது பூத்து முடிஞ்சதும் எனக்கு ஒரு பதியன் போட்டுக் குடும்மா. ஒரு நெசச் செடியாவது எங்க வீட்டுல இருக்கட்டும்."

அன்று மாலையே டீச்சர் அட்மினிடம் பேசி, மலர்கொடியைக் குரூப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டார். மலர்கொடியிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே அவளுக்கு வரும் கேள்விகள் தேசப்பனின் போனுக்கே வந்தன. ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், காலையில் அவள் கத்தரிக்காய் நறுக்குகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அவள் சொல்கிற பதிலைத் தட்டச்சு செய்யவேண்டியதாயிற்று. தை மாதத்துக்குள் ஊரில் ஏழு வீட்டு ஏசிக் குழாய்களுக்கு அடியில் ஏழு கிளமேட்டிஸ் தொட்டிகள் வந்துவிட்டன. நாலு செத்துவிட்டன, அவற்றில் இரண்டை இன்னும் படத்தில் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார். மகன் துபாயிலிருந்து ஆர்டர் போட்டு அனுப்பிய செடி, மேலே எல்லாம் காய்ந்துவிட்டது, தூக்கிப் போடலாமா என்று கேட்டிருந்தார்.

"போட வேணாம்னு சொல்லுங்க" என்றாள் மலர்கொடி. "ஒட்ட வெட்டிட்டு, மண்ணுல வெரல வுட்டுப் பாக்கச் சொல்லுங்க. அடியில பச்சை இருந்தா அது உசுரோடதான் இருக்குது."

தேசப்பன் தட்டினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்திகரமாகத் தட்டினார்.

"என்னா எழுதியிருக்கீங்க? படிங்க."

"மேற்படி தாவரத்தின் வேர்ப்பகுதியினை நேரடி ஆய்வுக்கு உட்படுத்தி..."

மலர்கொடி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அப்பிடியா சொன்னேன்?"

"இல்ல."

"அழிங்க."

தேசப்பன் அழித்தார். முதலிலிருந்து, அவள் சொன்னபடியே, எழுத்துக்கூட்டி எழுத ஆரம்பித்தார்.